கேளுங்கள், எழுதுகிறேன்: நிரல் நிற்க வேண்டிய நேரம்

கேள்வி: மேடம், ரஸ்ட் மொழி பழகி மூன்று மாதம் ஆகிறது. மூன்று உருப்படிகள் உள்ள பட்டியலில் நூறாவதைக் கேட்டால், பேனிக் என்று ஒரு செய்தியைக் காட்டிவிட்டு நிரல் அப்படியே நின்றுவிடுகிறது. முன்பு ஜாவாவில் எழுதியபோது எல்லாப் பிழைகளையும் ஒரே கேட்ச் போட்டுப் பிடித்து, எப்படியாவது ஓட வைத்துவிடுவேன். பயனரின் கண்முன் நிரல் செத்து விழுவது நல்லதா?

பதில்: நல்லதுதான். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிடங்கின் சரக்குக் கணக்கை ஜாவாவில் எழுதினேன். ஒரு பொருளை ஓர் அடுக்கிலிருந்து இன்னோர் அடுக்குக்கு மாற்றினால் முதலில் இங்கே கழிக்க வேண்டும், அப்புறம் அங்கே கூட்ட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் எப்போதாவது ஒரு நல் பாயின்டர் பிழை (எதையும் சுட்டாத இடத்தைத் தொடப்போவதால் வரும் பிழை) வந்தது. அதைச் சுற்றி ஒரு கேட்ச் போட்டு, உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தேன். கழித்தது கழித்தபடி இருக்கும், கூட்டல் நடக்காது, நிரல் அடுத்த வேலைக்குப் போய்விடும். ஒன்பது நாள் இப்படியே ஓடியது. பத்தாம் நாள், கையால் எண்ணிப் பார்த்தவர் வந்து, "அடுக்கில் சரக்கு இருக்கிறது, திரையில் இல்லை" என்றார். எந்தக் கணக்கு சரி, எது தப்பு என்று பிரிக்க இரண்டு வாரம் ரசீதுகளோடு உட்கார்ந்தோம். பிழை வந்த முதல் நொடியிலேயே நிரல் நின்றிருந்தால், நிரல் எழுதிவைக்கும் பதிவான லாகில் வரி எண்ணைப் பார்த்து அன்று மாலைக்குள் திருத்தியிருப்பேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பிழையைப் பார்த்தும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: தவறியது வெளியுலகமா, என் கணக்கா? கோப்பைக் காணோம், இணைப்பு அறுந்தது, வயது கேட்ட இடத்தில் பயனர் பெயரைத் தட்டிவிட்டார் – இதெல்லாம் நடக்கும் என்று முன்பே தெரியும். வெற்றியா தோல்வியா என்று சொல்லும் ரிசல்ட்டைத் திருப்பி அனுப்புங்கள், அழைத்த ஃபங்ஷன் முடிவு செய்யட்டும். இங்கே பேனிக் செய்வது சோம்பல். ஆனால் மூன்றே உருப்படி உள்ள பட்டியலில் நூறாவதைத் தேடிப் போகிறது என்றால், நிரல் இதுவரை எதை நம்பி ஓடியதோ அதுவே பொய்யாகிவிட்டது. அதற்கு மேல் அது போடும் எந்தக் கணக்கையும் நான் ஏற்க மாட்டேன்.

சி மொழியில் இப்படி எல்லை தாண்டினால் தடுக்க ஆள் இல்லை. பக்கத்து நினைவகத்தில் என்ன கிடக்கிறதோ அதைப் படித்துக்கொண்டு போய்விடலாம். 2014-இல், இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் ஓட்டை அதுதான். எதிர்முனை சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பியதால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகம் வெளியே போனது.

ரஸ்ட்டில் எனக்கு மிகவும் பிடித்தது மியூட்டெக்ஸ் நடந்துகொள்ளும் விதம். ஒரு நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் பல திரெட்களில், ஒரு தரவை ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் தொட விடும் பூட்டு அது. பூட்டைப் பிடித்திருக்கும்போது ஒரு திரெட் பேனிக் ஆனால், அந்தப் பூட்டு நஞ்சேறியதாகக் குறிக்கப்படும். அடுத்து பூட்டைக் கேட்கும் திரெட்டுக்குப் பிழைதான் கிடைக்கும். உள்ளே இருப்பது அரைகுறைத் தரவாக இருக்கலாம் என்று அதற்குத் தெரிந்துவிடும். ஜாவாவில் இதே பூட்டு வேலையைச் செய்யும் சிங்க்ரனைஸ்ட் பகுதி, பிழை வந்ததும் பூட்டைச் சத்தமில்லாமல் விடுவித்துவிடும். என் வெறும் கேட்ச்சும் அப்படிச் சத்தமில்லாமல்தான் சரக்குக் கணக்கைக் கெடுத்தது.

இன்னொன்று: ரிசல்ட்டில் பிழை இருந்தால் பேனிக் ஆகிவிடும் அன்ராப்பை வெறுமனே எழுதாதீர்கள். அதே வேலையை நம் செய்தியோடு செய்யும் எக்ஸ்பெக்ட் போட்டு, இது ஏன் தவறாது என்று நினைத்தீர்களோ அதை ஒரு வரியில் எழுதுங்கள். நள்ளிரவில் லாகைத் திறப்பவருக்கு அந்த வரி பெரிய துணை.

கேள்வி: நிற்கவே கூடாத இயந்திரங்களுக்கு எழுதுபவர்கள் என்ன செய்வார்கள்?

பதில்: நின்ற பிறகு யார் பொறுப்பேற்பது என்பதை முன்பே முடிவு செய்வார்கள். அதைச் சரியாகச் செய்யாததற்கு விலை கொடுத்தது ஏரியான் 5 ராக்கெட். 1996 ஜூன் 4 அன்று, கிடைமட்ட வேகம் சார்ந்த ஓர் எண்ணை 64 பிட்டிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அது அடங்கவில்லை. இந்தக் கணக்கைப் போட ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்று என இரண்டு கணினிகள் இருந்தன. பிழை வந்தால் வன்பொருள் கெட்டுவிட்டது என்று கருதி ஒன்று நின்றுவிட வேண்டும், மற்றது கைகொடுக்கும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் இரண்டிலும் ஒரே நிரல், ஒரே பிழை, இரண்டும் நின்றன. போதாததற்கு, நின்ற கணினி அனுப்பிய பிழைத் தகவலை முதன்மைக் கணினி பறக்கும் திசை என்று எடுத்துக்கொண்டது. கிளம்பிய சுமார் 40 நொடியில் ராக்கெட் சிதறியது. இதில் என் மனம் ஆறாத விஷயம், அந்தக் கணக்கு ராக்கெட் தரையை விட்ட பிறகு தேவையே இல்லை. ஏரியான் 4-இலிருந்து அப்படியே வந்தது.

எதிர்மாறான உதாரணம் அப்போலோ 11. 1969 ஜூலையில் நிலவில் இறங்கும்போது 1202 அபாய ஒலி எழுந்தது, கணினிக்கு வேலை மிஞ்சிவிட்டது. அது தன்னைத்தானே மீண்டும் தொடங்கி, முக்கியமில்லாத வேலைகளைக் கைவிட்டு, வழிகாட்டும் கணக்கை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. எரிக்சனில் பிறந்த எர்லாங் மொழியிலும் இதே சிந்தனை உண்டு. தனித்தனியே ஓடும் சிறு சிறு பிராசஸ்கள், ஒன்றின் நினைவகத்தை இன்னொன்று தொடாது. ஒன்று விழுந்தால் மேற்பார்வை பிராசஸ் அதை மீண்டும் எழுப்பும். குறுகிய நேரத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் மேற்பார்வையாளரும் நின்று, தனக்கு மேலே இருப்பதிடம் விஷயத்தை விட்டுவிடும்.

கேள்வி: லினக்ஸ் சர்வரில் என் நிரல் சில நாள் 101, சில நாள் 137 என்ற எண்ணோடு முடிகிறது. ஏன்?

பதில்: 101 என்றால் ரஸ்ட்டின் பேனிக். ரஸ்ட்_பேக்ட்ரேஸ் என்ற சூழல் மாறிக்கு 1 கொடுத்து ஓட்டுங்கள், எந்தெந்த ஃபங்ஷன் வழியாக அங்கே வந்தது என்று தெரியும். 137 என்பது 128-உம் 9-உம் சேர்ந்தது, அதாவது 9-ஆம் சிக்னல் (உடனே நிறுத்தச் சொல்லும் கட்டளை) கொடுத்து வெளியிலிருந்து கொன்றிருக்கிறார்கள். பெரும்பாலும் நினைவகம் தீர்ந்து, இயங்குதளத்தின் மையமான கர்னல் செய்த வேலையாக இருக்கும். அந்தச் சிக்னலை எந்த நிரலாலும் பிடிக்க முடியாது, உங்கள் லாகில் கடைசி வரிகூட இருக்காது. கர்னலின் லாகில் தேடுங்கள்.