மோசமான வாரத்தை வைத்துக் கணக்கிடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 26 வயது. மூன்று வருடமாக முடக்குவாதம். உடம்பு நன்றாக இருக்கும் வாரத்தில், விட்டதைப் பிடிக்க இரண்டு ஆள் வேலையைச் செய்கிறேன். அடுத்த வாரம் எழுந்திருக்கவே முடிவதில்லை. விடுப்பு தீர்ந்து சம்பளம் பிடிக்கிறார்கள். போன மாதம் பணமில்லாமல் ஸ்டீராய்டு மாத்திரையைப் பத்து நாள் நிறுத்தினேன். நோயை அலுவலகத்தில் சொல்லலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மாத்திரையைப் பற்றி முதலில். ஸ்டீராய்டைச் சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டால், அட்ரினல் சுரப்பி தன் பங்குக்குச் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனைக் குறைத்துக்கொள்ளும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அந்தச் சுரப்பி உடனே பழைய நிலைக்கு வராது. ரத்த அழுத்தம் இறங்கி, வாந்தி, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகக் குறைப்பது மருத்துவர் கையில்தான் இருக்கவேண்டும். பத்து நாள் விட்டதை இன்றே அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பணமில்லை என்பதையும் சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதே மருந்து ஜெனரிக்காக, அதாவது பிராண்டு பெயர் இல்லாமல், மலிவாகக் கிடைக்குமா, எந்தப் பரிசோதனை சற்றுக் காத்திருக்கலாம் என்று அவரால்தான் சொல்லமுடியும்.

உங்கள் சிக்கலின் வேர், நல்ல வாரத்தை அளவுகோலாக வைத்திருப்பது. நல்ல நாளில் எட்டு மணி நேரமும் மோசமான நாளில் நான்கு மணி நேரமும் முடிகிறதென்றால், நீங்கள் ஒப்புக்கொள்ளவேண்டிய வேலை நான்கு மணி நேர அளவுதான். நல்ல நாளில் அதற்கு மேல் அரை மணி கூட்டலாம், இரு மடங்கு ஆக்கக்கூடாது. வலி வந்த பிறகு ஓய்வெடுப்பது தாமதம். கடிகாரத்தைப் பார்த்து, நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கைக்கு ஓய்வு கொடுங்கள். முடக்குவாதத்தில் காலை நேரத்து மூட்டு இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கலாம். ஆகவே முதலில் கேட்கவேண்டிய சலுகை, தாமதமாக வேலை தொடங்குவது.

பணத்துக்கும் இதே விதி. கடந்த ஆறு மாதத்தில் மிகக் குறைவாகச் சம்பளம் வந்த மாதம் எதுவோ, அதற்குள் வாடகையும் தவணையும் அடங்கவேண்டும். மருத்துவச் செலவை மாதக் கணக்காகப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் ரத்தப் பரிசோதனையும் சிறப்பு மருத்துவர் கட்டணமும் சில மாதங்களுக்கு ஒருமுறை மொத்தமாக வரும். ஒரு வருடச் செலவைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போடுங்கள். கையில் பத்து நாள் மாத்திரை இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள்.

அலுவலகத்தில் நோயின் பெயரைச் சொல்வது உங்கள் விருப்பம். அவர்களுக்குத் தெரியவேண்டியது, எது முடியாது, எது இருந்தால் முடியும் என்பதே. 'காலையில் கை இறுகிவிடுகிறது. பத்தரைக்குத் தொடங்கி ஏழுக்கு முடித்தால் வேலை தடைபடாது' என்று எழுத்தில் கேளுங்கள். நோயின் பெயர் மட்டும் உள்ள மருத்துவர் கடிதம் பயன்படாது. எத்தனை மணி நேரம், எதைத் தவிர்க்கவேண்டும், எத்தனை மாதத்துக்கு என்று எழுதி வாங்குங்கள். இதை நல்ல வாரத்தில் பேசுங்கள். விடுப்பெல்லாம் தீர்ந்த அன்று பேசினால் சாக்குப்போல் ஒலிக்கும். காப்பீட்டுப் படிவத்தில் மட்டும் எதையும் மறைக்கவேண்டாம். பிறகு தெரியவந்தால் பணம் தர மறுக்கலாம்.

நோய் தீவிரமாக இருக்கும் வாரத்தில் ராஜினாமாவும் செய்யாதீர்கள். வேலையோடு வந்த மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு போய்விடும். புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் போடுவது வழக்கம், அதுவரை அந்த நோய்க்கான செலவைத் தரமாட்டார்கள். அந்த இடைவெளிக்கான மருந்துப் பணம் தனிக் கணக்கில் சேர்ந்த பிறகு ராஜினாமாவை யோசிக்கலாம்.