குழந்தைகளுக்கான மரபணுப் பரிசோதனை: கேள்வி பதில்

கேள்வி: எட்டு மாதக் குழந்தை. காய்ச்சல் வந்தாலே வலிப்பு. ஒருமுறை அரை மணி நேரம் நிற்கவே இல்லை. எம்ஆர்ஐ நார்மல். மரபணு டெஸ்ட் எதற்கு மேடம்?

பதில்: மருந்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்கத்தான். இந்த வயதில் காய்ச்சலோடு இவ்வளவு நீண்ட வலிப்பு வந்தால் டிராவெட் சிண்ட்ரோமாக (குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் கடுமையான மரபணு வலிப்பு நோய்) இருக்குமோ என்று சந்தேகிப்போம். பெரும்பாலும் எஸ்சிஎன்1ஏ மரபணுவில் கோளாறு இருக்கும். ஸ்கேனில் அது தெரியாது. வேறு பல வலிப்புகளுக்கு நன்றாகக் கேட்கும் கார்பமாசெபைன் என்ற மருந்து, டிராவெட் குழந்தைக்கு வலிப்பைக் கூட்டிவிடக்கூடும். அதனால் டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள். இப்போது கொடுக்கும் மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

கேள்வி: மகனுக்கு நான்கு வயது, பேச்சு வரவில்லை. எக்ஸோம் டெஸ்ட் நார்மல். அப்போ மரபணுக் கோளாறு இல்லைதானே?

பதில்: அப்படி முடிவு கட்டிவிட முடியாது. எக்ஸோம் டெஸ்ட் (மரபணுக்களில் புரதம் தயாரிக்கச் சொல்லும் பகுதிகளை மொத்தமாகப் படிப்பது), மரபணுவில் டிஎன்ஏ எழுத்து மாறியிருந்தால் நன்றாகப் பிடிக்கும். அதே எழுத்துகள் திரும்பத் திரும்ப வந்து நீண்டிருந்தால் கோட்டைவிட்டுவிடும். ஃப்ராஜைல் எக்ஸில் (பேச்சும் அறிவு வளர்ச்சியும் தாமதமாகும் ஒரு மரபணு நோய்) நடப்பது அதுதான்: சிஜிஜி என்ற மூன்றெழுத்து 200 முறைக்கு மேல் வரும். அதற்குத் தனி டெஸ்ட் உண்டு. பையனுக்குப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். பிராடர்-வில்லி என்ற மரபணு நோய் என்றால் மெத்திலேஷன் டெஸ்ட், அதாவது டிஎன்ஏ மேல் ஒட்டியிருக்கும் வேதி அடையாளங்களைப் பார்ப்பது. டியூஷேன் தசை நோயில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மரபணுவில் ஒரு துண்டே காணாமல் போயிருக்கும், அதனால் பொதுவாக அப்படித் துண்டு விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கும் எம்எல்பிஏ டெஸ்டில் தொடங்குவார்கள். எதைத் தேடுகிறோம் என்று டாக்டர் தெளிவாக எழுதித் தந்தால்தான் சரியான டெஸ்ட் நடக்கும்.

கேள்வி: ரிப்போர்ட்டில் 'வியுஎஸ்' என்று போட்டிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: ஒரு மாற்றம் தெரிகிறது, அது நோய் தருமா என்று இன்னும் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். அடுத்து உங்கள் இருவரின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும். மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலே வரும் நோயாக இருந்து, ஆரோக்கியமான அப்பாவிடமும் அதே மாற்றம் இருந்தால் சந்தேகம் பெரும்பாலும் குறையும். குழந்தையிடம் மட்டும் புதிதாக வந்திருந்தால் கூடும். இதை மட்டும் நம்பி அடுத்த கர்ப்பம் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

கேள்வி: மகளுக்கு எஸ்எம்ஏ (தண்டுவட நரம்பு செல்கள் அழிந்து தசைகள் பலவீனமாகும் நோய்). எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லை, எல்லாம் உன்னால்தான் என்கிறார் மாமியார்.

பதில்: இல்லை அம்மா. எஸ்எம்ஏ வர, எஸ்எம்என்1 மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்டிருக்க வேண்டும். பொதுவாக அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி மட்டும் கெட்டவருக்கு எந்த அறிகுறியும் இருக்காது, தலைமுறைகளாகத் தெரியாமலே வரும். அம்மாவும் அப்பாவும் அப்படி இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. மாமியாரையும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள், அவரே விளக்கட்டும். ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்: எஸ்எம்ஏவுக்கு இப்போது மருந்து இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.