டி லைசென்ஸிலிருந்தே ஆரம்பியுங்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு 35 வயது. ஆஸ்டின் டவுனில் வளர்ந்தவன். 14 வருடமாக ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் டீமுக்காக பெங்களூரு கால்பந்து லீகில் டிஃபென்ஸ் ஆடுகிறேன், வேலையும் அங்கேயேதான். வலது முட்டி இன்னும் இரண்டு சீசன் தாங்கும் என்கிறார் பிசியோ. அதன் பிறகு கோச் ஆக ஆசை. கோச்சுகளுக்கான டி லைசென்ஸ் கோர்ஸுக்குப் போகிறேன் என்றால் டீமில் சிரிக்கிறார்கள். "இத்தனை வருஷம் ஆடினவனுக்கு கோன் வைக்கச் சொல்லிக் கொடுப்பாங்களா?" என்கிறார்கள். போன மாதம் எங்கள் ஏரியாப் பையன்கள் 16 பேருக்கு மூன்று ஞாயிறு பயிற்சி கொடுத்துப் பார்த்தேன். எல்லாம் 11, 12 வயது. கோலுக்கு ஷூட் அடிப்பது, டேக்கிள் பண்ணிப் பந்தைப் பறிப்பது இரண்டும் சொல்லிக் கொடுத்தேன். முதல் வாரம் இருந்த உற்சாகம் மூன்றாம் வாரம் இல்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

ஆர்.,
பெங்களூரு

அன்புள்ள ஆர்.,

டி-க்கே போங்கள். டி, சி, பி, ஏ, ப்ரோ என்று ஏறும் வரிசை அது. டி அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சான்றிதழ்; சில நாள் லீவில் முடித்துவிடலாம். மேல்படிகளுக்குப் போகப் போக, நடுவில் ஒரு டீமுக்குப் பயிற்சி கொடுத்த அனுபவத்தையும் கேட்பார்கள். அதுதான் வருடங்களைத் தின்னும். ஆடி ஓய்ந்தபின் தொடங்கினால் பி கையில் வருவதற்குள் நாற்பதைத் தாண்டிவிடுவீர்கள். மிச்சமிருக்கும் இரண்டு சீசனிலேயே டி-யை முடித்து, இந்தப் பையன்களை வைத்தே அனுபவத்தைச் சேருங்கள். எந்தத் தேதியில் என்ன பயிற்சி, எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

காலித் ஜமீலும் இந்தியாவுக்கு ஆடியவர்தான். 2009-இல் மும்பை எஃப்சியில் கோச்சானார். அங்கே பல வருடம் உழைத்தபின் 2017-இல் ஐஸால் கிளப்புக்கு ஐ-லீக் என்ற தேசிய லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். இந்திய அணி அவர் கைக்கு வந்தது 2025-இல்.

இப்போது உங்கள் மூன்று ஞாயிறு. 16 பேரும் ஒரே கோலுக்கு முன்னால் வரிசையில் நின்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒரு ஷாட்டுக்கு அரை நிமிடம் என்றால் ஒரு பையனுக்கு மறுபடி முறை வர 8 நிமிடம். 40 நிமிடத்தில் ஐந்தே ஷாட். மிச்ச நேரமெல்லாம் அவன் வரிசையில் நின்று பக்கத்துப் பையனைக் கிள்ளிக்கொண்டிருப்பான். உற்சாகம் வடியாமல் என்ன செய்யும்?

டேக்கிளில் சிக்கல் வேறு. உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் காலில் இருக்கிறது, வாய்க்கு இன்னும் வரவில்லை. எதிரணி ஃபார்வர்டை எப்போது நெருங்குவது என்று உங்கள் உடம்புக்குத் தெரியும். பையனுக்கு அதைப் பிரித்துச் சொல்ல வேண்டும்: பந்து அவனை நோக்கிப் போகும்போதே வேகமாக ஓடு, அவன் பந்தைத் தொடும் நேரம் வேகத்தைக் குறை, ஒரு கை தூரத்தில், உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, முட்டியை மடக்கி நில், பந்து அவன் காலை விட்டு விலகும்போது மட்டும் கால் வை. மைதானத்தில் இதற்கு "ஓடு", "மெதுவா", "சைடு" என்று மூன்றே சொல் போதும். தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்து பேசும் பையன்கள். எந்த மொழியில் சொன்னாலும் சரி, வாரா வாரம் அதே சொல்லாக இருக்கட்டும்.

அடுத்த ஞாயிறு இதை மட்டும் செய்யுங்கள். பையன்கள் வருமுன்பே 6 மீட்டர் அகலம், 12 மீட்டர் நீளத்தில் நான்கு பாதை போடுங்கள். பாதைகளுக்கு நடுவே 2 மீட்டர் இடைவெளி. பாதைகளின் மூலைகளுக்கு 16 கோன் போதும், பந்து சிறுவர்களுக்கான நான்காம் நம்பர் அளவு. பாதைக்கு நான்கு பேர்: இருவர் ஆட, இருவர் ஓய்வு. டிஃபெண்டர் ஒரு முனையிலிருந்து எதிர்முனைக்குப் பந்தைத் தள்ளிவிட்டு ஓடி நெருங்க வேண்டும். பந்தை வாங்கியவன் அவனைத் தாண்டி, டிஃபெண்டர் கிளம்பிய முனையின் கோட்டைக் கடக்க வேண்டும். பத்து நொடிக்குள் முடிந்துவிடும், அடுத்த ஜோடி வரும்.

இதில் கெடுவது பெரும்பாலும் இரண்டு. ஒன்று, முதல் பாஸ் மெதுவாக உருள்வது. பந்தோடு டிஃபெண்டரும் போய்ச் சேர்ந்துவிட்டால் கற்க ஒன்றுமில்லை. அழுத்தி அடிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று அகலம். 10 மீட்டர் வைத்தால் பந்து வைத்திருப்பவன் சுற்றிக்கொண்டு போய்விடுவான், 4 வைத்தால் டிஃபெண்டர் சும்மா நின்றே ஜெயிப்பான். ஒரே பக்கம் ஜெயித்துக்கொண்டிருந்தால் ஒரு மீட்டர் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள்.

கால் மணி நேரம் கழித்து, பக்கத்துக்கு நான்கு பேராக 4-க்கு 4 ஆட்டம். நான்கு பாதையும் இடைவெளியும் சேர்ந்து அகலம் 30 மீட்டர் வருகிறது, பாருங்கள். ஒரு பக்கக் கோன்களை 8 மீட்டர் பின்னால் தள்ளினால் 30-க்கு 20 மைதானம் தயார். இன்னொன்றைப் பக்கத்திலேயே முன்கூட்டிப் போட்டுவையுங்கள். ஒரு பையன் குறைந்தால் 4-க்கு 3 ஆடட்டும். நீங்கள் மட்டும் உள்ளே இறங்காதீர்கள். ஆடத் தொடங்கியதும் பார்ப்பதை நிறுத்திவிடுவீர்கள், ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் வரும் வியாதி இது. ஆடிக் காட்ட வேண்டுமென்றால் நன்றாகச் செய்யும் பையனைக் கூப்பிடுங்கள், முட்டிக்கும் நல்லது.

தப்பைக் கண்டால் விசிலடித்து அப்படியே நிற்கச் சொல்லுங்கள். டிஃபெண்டரிடம் "பந்து வரும்போது நீ எங்கே இருந்தே?" என்று கேளுங்கள். அவனே அந்த இடத்துக்குப் போகட்டும், அதே பாஸ் மறுபடி, ஆட்டம் தொடரட்டும். எல்லாம் 20 நொடி. ஒரு நண்பரை மொபைலில் பந்து உருளும் நேரத்தை மட்டும் கணக்கெடுக்கச் சொல்லுங்கள். 15 நிமிடத்தில் 10-க்குக் கீழே போனால் அதிகம் பேசியிருக்கிறீர்கள். கடைசி 20 நிமிடம் 8-க்கு 8. அப்போது வாயே திறக்க வேண்டாம். சொல்லிக் கொடுத்தது தானாக வருகிறதா என்று பாருங்கள்.

உங்களுக்கு மேட்ச் இல்லாத நாளில் அசோக் நகர் ஸ்டேடியத்துக்குப் போய் மேல்வரிசையில் உட்காருங்கள். பந்தை விட்டுவிட்டு நடு டிஃபென்ஸில் நிற்கும் ஒரு சென்டர் பேக்கை மட்டும் கால் மணி நேரம் பார்த்து, அவன் எப்போது முன்னேறினான், எப்போது பின்வாங்கினான் என்று எழுதுங்கள். முதல் நாள் நாலு வரிக்கு மேல் வராது. பத்து மேட்ச் பாருங்கள், பக்கம் நிரம்பும்.

1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன் பெங்களூருக்காரர். அந்த ஊரில் 11 வயதுப் பையன் வரிசையில் நின்று கிள்ளிக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளம்.

வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அகாடமியோ பள்ளியோ சம்பளம் தருகிறேன் என்று கூப்பிட்டால், ஒப்புக்கொள்ளும் முன் உங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பொதுத்துறை ஊழியர் வெளியே சம்பாதிக்க அது வேண்டும். கோர்ஸுக்கான லீவையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.