பி.டி.எஸ். படிக்கலாமா? கோத்தகிரி அம்மாவுக்கு ஒரு பதில்

"பொண்ணு பல் டாக்டருக்குப் படிக்கணும்கிறா. தேவையே இல்லாம ரூட் கெனால் பண்ணிக் காசு பார்க்கிறாங்கன்னு ஊர்ல பேசறாங்க. நேர்மையா இருந்தா பிழைக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும் அம்மா. ஆனால் அவள் எவ்வளவு கடனோடு வெளியே வருகிறாள் என்பதைப் பொறுத்துத்தான் அது எளிதாவதும் கடினமாவதும்.

பந்தலூர் பக்கம் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா வருகிறார் என்று வையுங்கள். கடைவாய்ப்பல்லில் ஆழமான சொத்தை, ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. பல்லைக் காப்பாற்றலாம். ஆனால் ரூட் கெனாலுக்கு, அதாவது பல்லுக்குள் கெட்ட நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பதற்கு, இரண்டு மூன்று தடவை வரவேண்டியிருக்கும், அப்புறம் பல்லுக்கு மேல் போடும் உறையான கேப். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு வேறு. "புடுங்கி விட்டுருங்க டாக்டரம்மா" என்பார். பிடுங்கினால் அன்றே வேலை முடியும். நாளடைவில் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் இடம் மாறும், மெல்லுவது ஒரு பக்கமாகிவிடும். இரண்டு வழியையும், கேப் சேர்த்து ஆகும் முழுச் செலவையும் முதலிலேயே சொல்லி, முடிவை அவரிடமே விடவேண்டும். இன்றைக்கு வலியைக் குறைத்துவிட்டு அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு எழுதித் தரலாம் என்ற மூன்றாவது வழியையும் சொல்ல வேண்டும். கிளினிக் வாடகையும் வங்கித் தவணையும் கழுத்தை நெரிக்கும்போது இந்த மூன்றாவது வழி வாயில் வருவது கஷ்டம்.

பணத்தோடு சம்பந்தமில்லாத இக்கட்டுகளும் உண்டு. பல்வலிக்கு வந்தவரின் கன்னத்து உட்புறத்தில், புகையிலை அடக்கும் இடத்தில் வெள்ளைத் திட்டு தெரியும். வலிக்காததால் அவர் பொருட்படுத்த மாட்டார். புற்றுநோயின் தொடக்கமா என்று பார்க்கச் சதைப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆகவேண்டும். வீட்டில் சொல்லாதீர்கள் என்றால் அதையும் காக்க வேண்டும். பல்லின் நரம்பு வீங்கிய வலிக்கு ஆன்டிபயாடிக் கேட்காது என்று டாக்டருக்குத் தெரியும்; வந்தவர்களோ மாத்திரை மட்டும் எழுதச் சொல்லி நிற்பார்கள். எச்.ஐ.வி. உள்ளவர் என்பதற்காகத் திருப்பி அனுப்ப 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. நோயாளியை அனுப்பக் கமிஷன் வாங்குவதும் கொடுப்பதும் தொழில் நெறிக்கு விரோதம்.

அதனால் சீட் பார்க்கும்போதே கணக்குப் போடுங்கள். படிப்பு பயிற்சியோடு 5 ஆண்டு. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கட்டும்; கட்டணத்தை அரசே ஏற்கிறது. தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்க்க நான் சொல்ல மாட்டேன். பச்சைத் தேயிலை விலையை நம்பித் தவணை கட்ட முடியாது என்பது என்னைவிட உங்களுக்கே தெரியும்.

முதல் வேலைக்குப் போகும்போது, மாதச் சம்பளமா, செய்த சிகிச்சையில் சதவீதமா என்று கேட்கட்டும். மாதம் இத்தனை கேப் என்று இலக்கு வைக்கும் இடம், சம்பளம் கூடுதலென்றாலும் வேண்டாம். கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் தினமும் ஓடுகிறதா, ஒவ்வொருவருக்கும் கருவிகள் சீல் வைத்த பையிலிருந்து எடுக்கப்படுகின்றனவா என்று கண்ணால் பார்க்கட்டும்.

கவுன்சலிங்குக்கு முன்னால், அனுமதி கேட்டு, பக்கத்து அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் ஒரு காலை முழுக்க அவளை உட்கார வையுங்கள். அதன் பிறகும் ஆசை மாறவில்லை என்றால், கல்லூரிகளின் கட்டணப் பட்டியலை எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள்.