பேஸ் கிட்டார் கேள்வி-பதில்: நெஞ்சுல நிக்கிற சவுண்டு, காதுக்கே வராத சவுண்டு

போன இதழ்ல, ரெக்கார்டுல நீங்க கேட்ட பேஸ் கிட்டார் சவுண்டுல எது டாப், எது சகிக்கவே முடியலன்னு எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததுல பாதிக்கு மேல சண்டைதான். பேஸுக்காக வரிஞ்சு கட்டிக்கிட்டு எழுத நம்மூர்ல இத்தனை பேர் இருக்கீங்கன்றதே எனக்கு பெரிய சந்தோஷம். எடுத்த வரைக்கும் பதில் சொல்றேன், விட்டுப்போனது அடுத்த இதழ்ல.

கேள்வி: சார், சுத்தி வளைக்காம ஒரே ஒரு பாட்டு சொல்லுங்க. ரெக்கார்டுல வந்ததுலயே பெஸ்ட் பேஸ் டோன் எது? (வாசகர், பெரம்பூர்)

பதில்: மார்வின் கே பாடின 'வாட்ஸ் கோயிங் ஆன்', 1971. வாசிச்சவரு ஜேம்ஸ் ஜேமர்சன். இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது.

அவர் கையில இருந்தது 1962 மாடல் ஃபெண்டர் பிரிசிஷன். லா பெல்லா கம்பெனியோட தடியான ஃப்ளாட்வுண்ட் கம்பி, அதாவது மேல்பக்கம் வழவழன்னு தட்டையா சுத்தினது, அறுந்தா ஒழிய மாத்தவே மாட்டாரு. பிரிட்ஜ், அதாவது கிட்டாரோட உடம்புல கம்பி வந்து முடியற தாங்கி, அதோட மூடிக்கு அடியில கம்பியை ஒட்டி ஒரு ஃபோம் துண்டு. வலது கையில ஆள்காட்டி விரல் ஒண்ணே ஒண்ணுதான் வேலை செய்யும். டெட்ராய்ட்ல மோட்டவுன்ங்கற ரெக்கார்ட் கம்பெனியோட ஸ்டுடியோல பேஸை ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கற பெட்டி) முன்னாடி மைக் வெச்சு எடுக்கல, வயரை நேரா மிக்ஸர்லயே சொருகிட்டாங்க. விஷயம் இவ்ளோதான், ஒரு எஃபெக்ட் பெடல் கூட கிடையாது.

ஆனா டோன்னு நாம சொல்றது பாதி என்னன்னா, ஒரு சுரம் எப்படி ஆரம்பிக்குது, எப்படி முடியுது, அதுதான். பழைய கம்பி, ஃபோம், விரலோட சதை, இது மூணும் சேர்ந்து ஜேமர்சனோட சுரத்துக்கு உருண்டையா ஒரு தொடக்கம் குடுக்குது, அப்புறம் சட்டுனு அடங்கிடுது, அடங்கினதால அடுத்த சுரத்துக்கு இடம் காலியா கிடைக்குது, அதனாலதான் அந்த மனுஷன் அவ்ளோ சுரம் வாசிச்சும் பாட்டு நெரிசலாவே இல்ல. ஹெட்போன் போட்டு, பாடுற குரலை விட்டுட்டு, ஒவ்வொரு பேஸ் சுரமும் எங்க நிக்குதுன்னு மட்டும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அதே ஆல்பத்துல 'மெர்சி மெர்சி மீ' வாசிச்சது பாப் பாபிட், அவரும் அருமையான ஆளு, ரெண்டையும் அடுத்தடுத்து போட்டா கை மாறினது தெரியும்.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். அதுவரைக்கும் மோட்டவுன் ரெக்கார்டுகள்ல வாசிக்கிறவங்க பேரைப் போடுற வழக்கமே இல்ல, அத்தனை ஹிட் குடுத்த ஜேமர்சன் பேரு இந்த ஆல்பம் அட்டையிலதான் அச்சுல வந்துச்சு. அவரோட அந்த பேஸ் 1983-ல அவர் சாகறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி திருடு போயிடுச்சு. நம்ம சினிமா கேசட்டை எடுத்துப் பாருங்க, இசையமைப்பாளர், பாடினவங்க, பாட்டு எழுதினவர், அத்தோட முடிஞ்சுது. பேஸ் யாருன்னு தேடினா கிடைக்காது. இது எனக்கு இன்னிக்கும் ஆறல.

கேள்வி: அண்ணா, நான் காலேஜ் செகண்ட் இயர். ராஜா சாரோட பழைய பாட்டுல பேஸ் போன் ஸ்பீக்கர்ல கூட தெளிவா கேக்குது. இப்ப வர்ற நிறைய பாட்டுல ஊஃபர் இல்லன்னா பேஸே இல்ல. ஏன் இப்படி? (வாசகர், அண்ணா நகர்)

பதில்: தம்பி, நல்ல காது உங்களுக்கு. பேஸோட கீழ் கம்பி, ஈ கம்பி, நொடிக்கு 41 தடவை அதிருது. போன்ல இருக்கற குட்டி ஸ்பீக்கர் அந்த ஆழத்துக்கு இறங்கவே இறங்காது. ஆனா கம்பியை மீட்டினா 41 மட்டும் வராது, கூடவே 82, 123, 164-ன்னு மேல மேல அதிர்வு வரும், அது காதுல விழுந்தாலே போதும், கீழ இருக்கற சுரத்தை நம்ம மூளையே நிரப்பிக்கும். விரல்ல வாசிச்ச கம்பியில அந்த மேல் அதிர்வு தாராளமா இருக்கு. இப்ப நிறைய பாட்டுல போடுற சப் பேஸ் சுத்தமான அடி அலை, மேல ஒண்ணுமே இருக்காது, ஸ்பீக்கர் சின்னதா இருந்தா அதுக்கு சாட்சியே இல்லாம போயிடும்.

அது டெக்னிக்கல் பக்கம். பெரிய காரணம் எழுத்துல இருக்கு. ராஜா சார் பேஸுக்கும் நோட்டேஷன் அவர் கையாலயே எழுதுவாரு, அதுவும் கீழ நின்னு தாளம் போடுற வேலை மட்டும் குடுக்க மாட்டாரு, பாடுற மெட்டுக்கு எதிர்மெட்டா மேல ஏத்தி விடுவாரு. மேல் சுரங்கள்ல நடமாடினா டீக்கடை ரேடியோ, டிரான்சிஸ்டர்னு எதுல போட்டாலும் அந்த லைன் வந்து சேர்ந்துடும். 'என் இனிய பொன் நிலாவே' (மூடுபனி, 1980), 'இளைய நிலா பொழிகிறதே' (பயணங்கள் முடிவதில்லை, 1982) ரெண்டுலயும் எல்லாரும் கிட்டாரைப் பத்தியே பேசுவாங்க, பேசட்டும், தப்பில்ல. ஆனா ஒரு தடவை சரணத்துல பேஸை மட்டும் பிடிச்சுக்கிட்டு கூடவே போங்க, தனியா வெச்சாலே அது ஒரு பாட்டு. அந்தக் காலத்து ராஜா பாட்டுகள்ல பேஸ் வாசிச்ச சசிதரன் பேரை நீங்க ஞாபகம் வெச்சுக்கணும். கட் பேஸ்ட் இல்லாத காலம், வாத்தியக்காரங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து வாசிப்பாங்க, பேஸ்காரர் ஒரு சுரத்தை எவ்ளோ நேரம் நிறுத்தணும்னு பக்கத்துல ட்ரம்ஸைக் கேட்டுத்தான் முடிவு பண்ணுவாரு, அந்த மூச்சு ரெக்கார்டுல அப்படியே இருக்கு.

கேள்வி: மோசமானதுக்கு ஒரே பதில்தான் இருக்கு, மெட்டாலிக்கா. ஒத்துக்கறீங்களா இல்லையா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: ஒத்துக்கறேன். '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்', 1988. 1986-ல அவங்க பழைய பேஸ்காரர் கிளிஃப் பர்ட்டன் பஸ் விபத்துல போனதுக்கு அப்புறம் ஜேசன் நியூஸ்டெட் அந்த பேண்டுக்கு வந்து வாசிச்ச முதல் முழு ஆல்பம், அதுல அவரு இருக்காரான்னே தெரியல. மிக்ஸ் பண்ணவங்கள்ல ஒருத்தரான ஸ்டீவ் தாம்சன், பேஸைக் குறைக்கச் சொன்னது ட்ரம்மர் லார்ஸ் உல்ரிச்தான்னு பேட்டியிலயே சொல்லியிருக்காரு. அதுக்கு மேல, பேஸ் பெரும்பாலும் ரிதம் கிட்டார் வாசிக்கறதையே கூடவே வாசிக்குது, கிட்டாரோட அடிப்பக்கம் வேற ஏகத்துக்கு தூக்கி வெச்சிருக்கு, ரெண்டும் ஒரே இடத்துல நிக்கும்போது சத்தம் குறைஞ்சது காணாம போயிடும். நல்ல பாட்டுங்க, அடியில தரையே இல்ல. 2018-ல ரீமாஸ்டர், அதாவது பழைய ரெக்கார்டை மெருகேத்தின பதிப்பு, வந்தப்பவும் பேஸைத் தூக்கல. ரசிகர்களே பேஸைக் கூட்டி கூட்டி தனியா மிக்ஸ் பண்ணிக்கிட்டாங்கன்னா மனசு எவ்ளோ வெந்திருக்கும்னு பாருங்க.

ஆனா கேக்காத பேஸை விட எனக்கு ஜாஸ்தி வலிக்கறது இன்னொண்ணு. 70-கள்ல ஜாஸ் ரெக்கார்டுகள்ல டபுள் பேஸை, அந்த ஆள் உயர மரப் பேஸைத்தான் சொல்றேன், மைக் வெச்சு எடுக்காம பிக்கப் (அதிர்வை மின்சாரமா மாத்தற சின்ன கருவி) ஒட்டி நேரா வயர்ல எடுக்க ஆரம்பிச்சாங்க. மரத்தோட காத்து, விரல் கம்பியை விடற சத்தம், ரூம் எல்லாம் போயி, ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரி ஒரு 'டொய்ங்' மட்டும் மிஞ்சுச்சு. வாசிச்சவங்க எல்லாம் மகா மேதைங்க. கை அதே கைதான், சுரத்தோட வால் மட்டும் வேற யாரோடதோ மாதிரி ஆயிடுச்சு. அந்தப் பத்து வருஷத்து வாசிப்பு இப்படி மாட்டிக்கிச்சேன்னு நினைச்சா மனசு ஆறவே மாட்டேங்குது.

கேள்வி: எனக்கு வயது 70. ஆரம்பகால பீட்டில்ஸ் ரெக்கார்டில் பேஸ் அடக்கமாகவும், பிறகு திடீரென்று பெரிதாகவும் கேட்கிறதே, அது ஏன்? (வாசகர், மயிலாப்பூர்)

பதில்: ஐயா, ரொம்ப சரியா பிடிச்சிருக்கீங்க. லண்டன் இ.எம்.ஐ-ல தட்டு வெட்டுறவங்களுக்கு ஒரு பயம், பேஸ் ஜாஸ்தியானா பள்ளம் அகலமாகி ஊசி எகிறிடும்னு. அதனால அடக்கியே வெச்சாங்க. அமெரிக்க ரெக்கார்டுகள்ல பேஸ் எப்படி இருக்குன்னு கேட்டுக் கேட்டு பீட்டில்ஸோட பேஸ்காரர் பால் மெக்கார்ட்னிக்கு ஆதங்கம். 1966-ல 'பேப்பர்பேக் ரைட்டர்' எடுக்கும்போது ஒரு பெரிய லவுட்ஸ்பீக்கரையே மைக்கா மாத்தி பேஸ் ஆம்ப் முன்னாடி வெச்சாங்க, இஞ்சினியர் ஜெஃப் எமரிக். அவரோட பழைய ஹாஃப்னர் பேஸுக்குப் பதிலா ரிக்கன்பேக்கர் பேஸ் வேற. அந்தப் பாட்டுக்கு முன்னாடி வந்த ஏதாவது ஒண்ணைப் போட்டுட்டு உடனே இதைப் போடுங்க ஐயா, வித்தியாசம் தானா தெரியும்.

கேள்வி: ஸ்லாப் பேஸ் எனக்கு சுத்தமா பிடிக்கல. டமார் டமார்னு. உங்களுக்கு? (வாசகி, ராயபுரம்)

பதில்: எனக்குப் பிடிக்கும், பாட்டு கேட்டா. அமெரிக்க பேஸ்காரர் லாரி கிரஹாம் அதை ஆரம்பிச்சதே அம்மாவோட சேர்ந்து வாசிக்கும்போது ட்ரம்மர் இல்லன்னுதான், கட்டைவிரலால கம்பியை அடிக்கறது கிக் ட்ரம் (காலால மிதிக்கற பெரிய ட்ரம்), விரலால கம்பியை இழுத்து விடறது ஸ்னேர் (குச்சியால அடிக்கற ட்ரம்). அந்தத் தேவையோட வாசிக்கறவங்களைக் கேளுங்க. வித்தை காட்டறதுக்காக வாசிக்கறது வேற, அதைப் பிடிக்கலன்னா உங்க மேல தப்பே இல்ல.

கேள்வி: ஃப்ரெட்லெஸ் பேஸ் நம்ம இசைக்கு ஒத்து வருமா? முதல்ல யாரைக் கேக்கணும்? (வாசகி, கே.கே. நகர்)

பதில்: ஜேக்கோ பஸ்டோரியஸ். 1976-ல அவர் பேர்லயே வந்த ஆல்பம். ஃபெண்டர் ஜாஸ் பேஸ்ங்கற மாடல்ல ஃப்ரெட்டை, அதாவது கழுத்துல குறுக்க பதிச்சிருக்கற உலோகக் கட்டைகளை, எல்லாம் பிடுங்கிட்டு, பள்ளத்தை அடைச்சு, மேல எபாக்ஸி பூசினாரு, ஏன்னா அவர் போட்டது ரவுண்ட்வுண்ட் கம்பி, அது சொரசொரன்னு இருக்கும், வெறும் மரத்தை அரிச்சுடும். அந்த கண்ணாடி மாதிரி கெட்டியான பூச்சு மேல கம்பி உரசும்போது சுரம் வாய் திறந்து 'ம்வா'ன்னு மலருது, ஜேமர்சனுக்கு நேர் எதிர், இங்க சுரத்தோட வால்தான் அழகே. பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்பை வெச்சு வாசிச்சதால அடி நல்லா இறுக்கமா இருக்கும்.

நம்ம இசைக்கு ஒத்து வருமான்னா, கமகத்துக்கு ஃப்ரெட் குறுக்க நிக்காது, வேற என்ன வேணும். நம்ம சென்னையிலயே கீத் பீட்டர்ஸ் இருக்காரு, ரஹ்மானோட எத்தனையோ பாட்டுக்கு வாசிச்சவரு. அவர் சுரத்துக்குள்ள நேரா போய் உக்காராம லேசா சறுக்கிப் போறதை கவனிச்சுக் கேளுங்க, கத்துக்க நிறைய இருக்கு.

கேள்வி: கடல் பக்கத்துல வீடு. கம்பி சீக்கிரம் துரு பிடிக்குது, டோன் செத்துப் போகுது. (வாசகர், திருவான்மியூர்)

பதில்: வாசிச்சு முடிச்சதும் காஞ்ச காட்டன் துணியால கம்பிக்கு அடியிலயும் சேர்த்து துடைங்க, உறையில போட்டு வைங்க. இல்லன்னா ஃப்ளாட்வுண்டுக்கு மாறிடுங்க, அதுக்கு வயசாக வயசாகத்தான் டோனே.

கேள்வி: அண்ணா, வீட்டுலயே லேப்டாப்ல ரெக்கார்ட் பண்றேன். தனியா கேட்டா என் பேஸ் சூப்பரா இருக்கு, பாட்டுல போட்டா கொழகொழன்னு ஆயிடுது. எந்த ப்ளகின் (சவுண்டை மாத்தற சாஃப்ட்வேர்) வாங்கலாம்? (வாசகர், தாம்பரம்)

பதில்: எதுவும் வாங்காதீங்க. முதல்ல தனியா கேட்டு டோன் செட் பண்றதை நிறுத்துங்க தம்பி. யெஸ் பேண்டோட கிறிஸ் ஸ்கொயர், 'ரவுண்டபவுட்' (1971) வாசிச்சவரு, அந்த டோனைத் தனியா கேட்டா கம்பியும் அதை மீட்டற பிக்கும் கரகரன்னு காதைக் கிழிக்கும், பாட்டுக்குள்ள வெச்சா அதுதான் முதுகெலும்பு. கிக் ட்ரம்மையும் பேஸையும் மட்டும் ஒண்ணா ஓட விடுங்க, ரெண்டும் 60, 80 ஹெர்ட்ஸ் பக்கமே முட்டிக்கிட்டு நின்னா ஒண்ணுக்கு அந்த இடத்தைக் குடுத்துட்டு இன்னொண்ணுல கொஞ்சம் குறைங்க. 200 ஹெர்ட்ஸ் பக்கத்துல கிட்டார், கீபோர்டு எல்லாமே குமிஞ்சிருக்கும், அங்கயும் பேஸை லேசா வெட்டிப் பாருங்க. பேஸ் கேக்கலன்னா அடியைத் தூக்காதீங்க, 700-ல இருந்து 1000 வரைக்கும் கொஞ்சமா ஏத்துங்க, போன் ஸ்பீக்கர்ல போட்டு லைன் புரியுதான்னு பாருங்க.

அதுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு. பாத்திரம் தேய்க்கற புது ஸ்பாஞ்சுல விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜுக்கு ஒட்டினாப்ல கம்பிக்கு அடியில சொருகுங்க, கம்பியை லேசா தொட்டா போதும், அழுத்தக் கூடாது. சொரசொர பச்சைப் பக்கம் வேணாம், மெத்துனு இருக்கற பக்கம்தான். அதே பாட்டை அதே செட்டிங்ல இன்னொரு தடவை வாசிச்சு எடுங்க, இடது கையால ஒவ்வொரு சுரத்தையும் ஸ்னேர் விழற இடத்துல நிறுத்துங்க. ரெண்டு டேக்கையும் எனக்கு அனுப்பி வைங்க, கேட்டுட்டு அடுத்த இதழ்ல எழுதறேன்.