பதினெட்டு வயதில் டச்சஸ்

அன்புள்ள ஐயா,

பழைய இங்கிலாந்துப் பிரபுக்கள் குடும்பத் தொடர்களை விடாமல் பார்க்கிறேன். அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் வருகிறாள், விருந்தில் எந்த முள்கரண்டியை எடுப்பதென்று தெரியாமல் முழிக்கிறாள், அதைப் பார்த்தே பிரபுவுக்குக் காதல் வந்துவிடுகிறது. நிஜத்தில் இப்படியெல்லாம் நடந்ததுண்டா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

முள்கரண்டியை முதலில் விட்டுவிடுங்கள். அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனவர்கள் கோடீஸ்வர வீட்டுப் பெண்கள். நியூயார்க் ரயில்பாதை முதலாளி வீட்டில் பிறந்த கான்சுலோ வாண்டர்பில்ட்டைச் சிறுவயதில் நிமிர்ந்து உட்காரப் பழக்க, முதுகில் இரும்புக்கம்பி கட்டிப் படிக்க வைத்தவர் அவள் அம்மா ஆல்வா. அவளுக்கா கரண்டி பிடிக்கத் தெரியாது?

காதல் இருந்தது, ஆனால் பிரபுவோடு இல்லை. வின்த்ரப் ரதர்ஃபர்ட் என்ற நியூயார்க்காரருக்கு ரகசியமாக வாக்குக் கொடுத்திருந்தாள். அம்மா அவளை வீட்டோடு அடைத்து, கடிதங்களை மறித்து, கடைசியில் மாரடைப்பு என்று தானே படுத்துக்கொண்டு (நம் சினிமா அம்மாக்கள் தோற்றார்கள்) 1895 நவம்பரில் ஒன்பதாவது மார்ல்பரோ டியூக்குக்குக் கட்டிவைத்தார் (டியூக் என்பது பிரபுக்களில் மிக உயர்ந்த பட்டம், அவர் மனைவி டச்சஸ்). சீதனமாகப் போனவை 25 லட்சம் டாலர் பெறுமான ரயில் பங்குகள். தன் குடும்பத்தின் பிளென்ஹைம் மாளிகையைக் கட்டிக்காக்க டியூக்குக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது.

அங்கே போனபிறகு அவளைத் திணறடித்தது வேறு. கணப்பை மூட்டச் சொல்லிப் பட்லரைக் கூப்பிட்டால், அது என் வேலையில்லை, ஆளை அனுப்புகிறேன் என்கிறார். வேண்டாம், நானே மூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். இரவுச் சாப்பாடோ இன்னும் மோசம். டியூக் தட்டில் நிறைய எடுத்துவைத்து, அதைத் தள்ளிவிட்டு, மோதிரத்தைச் சுற்றிக்கொண்டே ஏதோ யோசனையில் கால்மணி நேரம் இருந்துவிட்டு, அப்புறம் சாப்பாடு ஆறிப்போச்சு என்று குறைசொல்வாராம். பேச்சே கிடையாது. இவள் பின்னல் வேலை செய்ய ஆரம்பித்தாள். பட்லர் வெளியே உட்கார்ந்து துப்பறியும் கதை படித்தார். இதையெல்லாம் பிற்காலத்தில் அவளே எழுதியிருக்கிறாள்.

டியூக்கின் பாட்டி முதல் சந்திப்பிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டார்: சீக்கிரம் ஓர் ஆண்பிள்ளை பெறு, இல்லாவிட்டால் அந்தப் பொடியன் வின்ஸ்டன் டியூக் ஆகிவிடுவான். சர்ச்சில்தான்! அவரும் அந்தப் பாட்டிக்குப் பேரன், அவர் அம்மா ஜென்னியும் அமெரிக்காக்காரி. 1897-ல் கான்சுலோவுக்கு மகன் பிறந்தான், பாட்டி நிம்மதியடைந்தார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குடும்பத்தில் கான்சுலோவுக்குக் கடைசிவரை நல்ல நண்பராக இருந்தவர் அதே வின்ஸ்டன்.

1906-ல் பிரிந்தார்கள், 1921-ல் விவாகரத்து. அப்புறம் கத்தோலிக்கத் திருச்சபை அந்தத் திருமணமே செல்லாது என்று அறிவிக்க வேண்டியிருந்தபோது, ஆல்வாவே வந்து, மகளை வற்புறுத்தித்தான் கட்டிவைத்தேன் என்று சாட்சி சொன்னார். கல்யாணமாகி முப்பது வருஷம் கழித்து.