மேட்டில் ஏறுகிறவளுக்குக் கட்டிய பூ

அன்புள்ள சார்,

நான் பெங்களூரில் டெக்ஸ்டைல் டிசைன் கடைசி வருடம் படிக்கிறேன். சொந்த ஊர் கோத்தகிரிதான். இறுதி புராஜெக்டுக்கு 'பூ வடிவங்களும் அசைவும்' என்று தலைப்பு எடுத்திருக்கிறேன். பூப்போட்ட துணியைப் பார்த்தால் காற்றில் ஆடுகிற உணர்வு வர வேண்டும் என்று ஆசை. இரண்டு மாதமாக இணையத்தில் தேடி 400 படங்களுக்கு மேல் சேர்த்துவிட்டேன். 30 ஸ்கெட்ச் போட்டேன். எல்லாமே யாரோ ஏற்கெனவே செய்தது போலத் தெரிகிறது. ஃபுளோரல் என்றாலே வெஸ்டர்ன் சாயல் வந்துவிடுகிறது என்று ஜூரியிலும் சொன்னார்கள். 2018-ல் குறிஞ்சி பூத்தபோது ஸ்கூல் டெஸ்ட் என்று வீட்டில் கூட்டிப்போகவில்லை. இனி 2030 வரை காத்திருக்க வேண்டும். தோடர் எம்பிராய்டரி வடிவங்களை எடுத்து டிஜிட்டல் பிரிண்ட் பண்ணலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது. ஊர் அடையாளம் இருந்தால் நல்லது என்று எங்கள் ஆசிரியரும் சொல்கிறார். எழுத ஒன்றும் தோன்றாதபோது நீங்கள் என்ன செய்வீர்கள்? இன்ஸ்பிரேஷனை எங்கே தேடுவது?

ர.

அன்புள்ள ர.,

கோத்தகிரிப் பெண், என் மகளைவிடவும் சின்னவள். நீ என்றே எழுதிவிடுகிறேன்.

இவ்வளவு சீக்கிரம் பதில் எழுதுகிற ஆள் இல்லை நான். உன் கடிதம் வந்த அன்று காலை பஸ் ஸ்டாண்டு பக்கம் பூ வாங்க நின்றிருந்தேன். அம்மாவுக்குத் திதி. இரண்டு முழம் கதம்பம் கேட்டேன். கடைக்காரப் பையன் கூடைக்குள் கைவிட்டு, மேட்டுப்பாளையத்திலேயே கட்டி அனுப்பிய சரத்தை உருவி, முழம் போட்டு, கத்தரித்துக் கொடுத்தான். நைலான் நூல். பூவுக்கும் பூவுக்கும் நடுவே ஊசி நுழையாத நெருக்கம். நல்ல பூதான், குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்கு வந்து படத்துக்குப் போட்டால் சரம் தொங்க மாட்டேன் என்கிறது. வளையமாக விறைத்துக்கொண்டு நிற்கிறது. பகல் முழுக்க அதுவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் உன் கடிதம் வருகிறது, 'அசைவு' என்று எழுதிக்கொண்டு.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன்.

எழுதத் தோன்றாதபோது நான் எழுதுவதில்லை. கரண்ட் பில் கட்டப் போவேன். குறிஞ்சியை 2006-ல் கொடைக்கானல் பக்கம் போய்ப் பார்த்தேன், 2018-ல் முழங்கால் விடவில்லை. 2030-ல் நீ கட்டாயம் போ. ஆனால் புராஜெக்டுக்கு அதை நம்பாதே. குறிஞ்சிப் பூவைத் தனியாகப் பறித்துப் பார்த்தால் சின்ன ஊதா மணி, அவ்வளவுதான். பன்னிரண்டு வருடம் பேசாமல் இருந்துவிட்டு மலைச்சரிவு முழுக்க ஒரே சமயத்தில் பூத்து, காய்த்து, செத்துப்போகிறதே, அதைப் பார்க்கத்தான் ஜனம் போகிறது. அதை ஒரு மீட்டர் துணியில் வைத்து என்ன செய்வாய்?

ஃபுளோரல் வெஸ்டர்ன் என்று சொன்ன ஜூரியிடம் சொல்: இந்தியாவிலிருந்து, அதிலும் நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சீட்டித் துணியைப் பார்த்துப் பயந்துபோய் பிரான்ஸ் 1686-ல் தடையே போட்டது. 1759 வரை அந்தத் தடை இருந்தது. துவைத்தாலும் போகாத சாயத்தில் பூப்போட்ட பருத்தியை அவர்களுக்குப் பழக்கிவிட்டவர்கள் நம் சாயக்காரர்கள். சரி, அது வேறு சண்டை.

அடுத்தது தோடர் எம்பிராய்டரி. அந்த வரியைப் படித்ததும் கோபம் வந்தது. உன்மேல் கொஞ்சம், உன் ஆசிரியர்மேல் நிறைய. ஊர் அடையாளம் என்ன, பிய்த்து ஒட்டுகிற ஸ்டிக்கரா? தோடர்கள் போர்த்திக்கொள்கிற பூத்துக்குளியை நீ கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாயா? கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததைக் கேட்கவில்லை. மந்தில், அவர்கள் குடியிருப்பில், அந்தப் பெண்கள் துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை, சட்டத்தில் மாட்டுவதும் இல்லை. வெள்ளைப் பருத்தியின் இழையை எண்ணி எண்ணி, சிவப்பு நூலும் கறுப்பு நூலுமாக ஊசியைக் கோத்துப் போகிறார்கள். திரும்புகிற இடத்தில் நூலைச் சற்றுத் தளர விடுவதால் வேலைப்பாடு துணிமேல் லேசாகப் புடைத்து நிற்கும். நெய்ததா தைத்ததா என்று பார்க்கிறவர்கள் குழம்பிப்போவார்கள். அங்கே வடிவம் என்பது அந்த எண்ணிக்கைதான். எண்ணிக்கையை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் மெஷினில் அடித்தால் சிவப்பு கறுப்புக் கட்டம் கிடைக்கும், கைக்குட்டைக்கு ஆகும். 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடு வாங்கி வைத்ததே, நல்ல பிள்ளைகளும் நல்ல எண்ணத்தோடு வந்து அள்ளிக்கொண்டு போவார்கள் என்பதால்தான். கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் போய் அனுமதி கேள். நேரத்துக்குக் கூலி கொடு. ஒரு மாதம் உட்கார்ந்து இழை எண்ணு. அப்புறம் பேசலாம்.

கோபம் போதும். 'யாரோ ஏற்கெனவே செய்தது போலத் தெரிகிறது' என்று எழுதியிருந்தாயே, அந்த வரிக்காகத்தான் உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். 30 ஸ்கெட்ச்சுக்குப் பிறகும் அது தெரிகிறது என்றால் உன் கண்ணில் கோளாறு இல்லை. கோளாறு அந்த 400 படத்தில் இருக்கிறது. அசைவை நிறுத்தினால்தான் படம் கிடைக்கும். நிறுத்திவைத்த 400 பூவுக்குள் போய் அசைவைத் தேடினால் எப்படி அம்மா கிடைக்கும்?

உங்கள் வீட்டு வேலியில் தாட்பூட் கொடி, பெங்களூரில் பேஷன் ஃப்ரூட் என்பார்கள், இருக்கும். அது பூக்கிற சமயத்தில் ஊருக்கு வந்தால் காலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார். பூ விரிந்த புதிதில் நடுவே மூன்று சூல்தண்டுகள் நிமிர்ந்து நிற்கும். நேரம் போகப்போக அவை மெல்லக் கீழே வளைந்து, மகரந்தப் பைகள் இருக்கிற மட்டத்துக்கு இறங்கும். தேன் குடிக்க வருகிற கருவண்டின் முதுகில் உரச வேண்டுமே, அந்த உயரத்துக்கு. உச்சிவெயிலுக்குள் பூ மூடத் தொடங்கிவிடும். வண்டின் உடம்பு எவ்வளவு உயரம் என்று கணக்குப் போட்டு வளைகிற பூ! போனை உள்ளே வைத்துவிட்டு வா.

ஆனால் அதைப் பார்த்துவிட்டு வந்து வளைந்த தண்டைப் பிரிண்ட் போட்டுவிடாதே. உன் 30 ஸ்கெட்ச்சையும் பார்க்காமலே சொல்வேன், எல்லாவற்றிலும் தண்டு சாய்ந்திருக்கும், இதழ் பறக்கும், கோடு சுழித்துக்கொண்டு ஓடும். காற்றை வரைந்துவிட்டால் அசைவு வந்துவிடும் என்று நினைக்கிறாய். துணிதான் அசையப்போகிறதே! அதை உடுத்திக்கொண்டு ஒருத்தி நடப்பாள், குனிவாள், பஸ்ஸில் முண்டியடித்து ஏறுவாள். அசைகிற துணியில் அசைகிற படத்தையும் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

லோயி ஃபுல்லர் என்று ஓர் அமெரிக்க நடனக்காரி 1890-களில் பாரிஸைக் கிறங்கடித்தார். பட்டு அங்கிக்குள் நீளமான கோல்களை மறைத்துப் பிடித்துக்கொண்டு, அத்தனை துணியையும் தலைக்கு மேலே வீசிச் சுழற்றுவார். கலர் விளக்குகள் அதன்மேல் மாறி மாறி விழும். அந்த உடைக்கு 1894-ல் காப்புரிமைகூட வாங்கினார். அவருடைய லில்லி ஆட்டத்தில் ஆளே மறைந்து பூ மட்டும் தெரியும் என்பார்கள். துணியோ வெறும் வெள்ளைப் பட்டு. அவ்வளவு தூரம் போவானேன், படுகர்களின் எத்தையம்மன் பண்டிகைக்குப் பேரகணிக்குப் போயிருப்பாய். வெள்ளை உடுத்திய கூட்டம் வட்டம் கட்டி ஆடுவதைப் பார்த்திருப்பாய். யார் துணியில் பூ இருந்தது?

இப்போது அம்மாவுக்கு வருகிறேன். நீ கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

அம்மாவின் ஊர் காரமடைப் பக்கம், கல்யாணமாகி மலைக்கு வந்தவள். அப்பா போன பிறகு பஸ் ஸ்டாண்டு வாசலில் பூ விற்றாள். மல்லி நம் குளிரில் விளையாது. சத்தியமங்கலத்துப் பூ மேட்டுப்பாளையம் வந்து, அங்கிருந்து முதல் பஸ்ஸில் குஞ்சப்பனை வழியாக மேலே ஏறும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஈரச் சாக்கில் சுற்றிய மூட்டை இருக்கும். இறக்கிக்கொண்டு வருவது என் வேலை. ஐப்பசி மழையில் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டால் அன்றைக்குப் பூவும் இல்லை, ராத்திரிச் சோறும் அளவுதான்.

கதம்பத்துக்கு அவள் கை ஓர் எண்ணிக்கை வைத்திருந்தது. நான்கு கண்ணி மல்லி, ஒரு கண்ணி கனகாம்பரம், ஒரு கண்ணி மரிக்கொழுந்து, மறுபடி நான்கு மல்லி. உங்கள் வகுப்பில் அதை ரிப்பீட் என்பீர்கள். அவள் அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. வாழைநாரை விரலில் மாட்டிக்கொண்டு, வந்தவர்களோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே கட்டுவாள். எண்ணுவதாகவே தெரியாது, பிசகவும் செய்யாது.

பத்து வயதிருக்கும், நானும் கட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். கணக்குத் தவறாமல், கண்ணியோடு கண்ணி இடிக்கிற மாதிரி இறுக்கி இறுக்கி ஒரு முழம் கட்டி நீட்டினேன். அம்மா வாங்கித் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "ஏஞ்சாமி, கம்பளிப்பூச்சி புடிச்சு வச்சிருக்கறே" என்று சொல்லிவிட்டு, அத்தனையையும் பிரித்துப் போட்டாள். ஒரு மணி நேர வேலை. நான் அழுதுகொண்டே நின்றேன். அந்த நேரத்துக்குத்தான் ஒரு நர்ஸம்மா வந்தார். காலை ஷிப்டுக்குப் போகும்போது தினம் ஒரு முழம் வாங்குவார். அம்மா கட்டியதை வாங்கிச் சூடிக்கொண்டு எதிர்மேட்டில் ஏறத் தொடங்கினார். அம்மா என் தாடையைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினாள். "பூவைப் பாக்காதே. அவிய போறதைப் பாரு."

பார்த்தேன். சமதரையில் நடக்கிறவளின் ஜடை முதுகோடு கிடக்கும். மேட்டில் ஏறுகிறவள் முன்னால் சாய்கிறாள். ஜடை முதுகைவிட்டு நழுவி, பூவும் கூடவே நழுவி, ஓர் அடிக்கு இந்தத் தோள், மறு அடிக்கு அந்தத் தோள் என்று போய்ப் போய்த் திரும்புகிறது. நான் கட்டிய சரமாக இருந்தால் குச்சி மாதிரி மொத்தமாக ஆடியிருக்கும். அம்மாவின் சரம் ஒவ்வொரு கனகாம்பரத்துக்கும் முன்னால் மடங்கியது. மடங்கிய இடத்தில் ஆரஞ்சு ஒரு கணம் உள்ளே போய் மறுபடி வெளியே வந்தது. அந்த இடத்தில் மட்டும் அவள் நாரை ஒரு நெல் அகலத்துக்கு விட்டுக் கட்டியிருந்தாள். சரம் கூடையில் கிடக்கும்போது அந்த இடைவெளி யார் கண்ணிலும் படாது. கீழே காரமடையில் அவள் அப்படிக் கட்டியதே இல்லையாம். மேலே வந்து, ஏறுகிற பெண்களின் முதுகைப் பார்த்துப் பார்த்து மாற்றிக்கொண்டாளாம்.

அந்த நெல் அகலம் உன் ரிப்பீட்டில் எங்கே இருக்கிறது? எனக்கு அதுதான் தெரிய வேண்டும். அடுத்த வரிசையைப் பாதி இறக்கி ஹாஃப் டிராப் போட்டால் கண் குறுக்கே ஓடும் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதெல்லாம் சுவரில் ஒட்டுகிற காகிதத்துக்குச் சரி. நீ சேலைக்குப் போடுகிறாயா, பாவாடைக்கா, துப்பட்டாவுக்கா? ஒன்றரைப் பக்கக் கடிதத்தில் அதை ஓரிடத்திலும் எழுதவில்லை! சேலை என்றே வைத்துக்கொள்வோம். கொசுவத்தில் ஒரு மடிப்புக்கு எவ்வளவு துணி போகிறது என்று என்றைக்காவது டேப் வைத்து அளந்தாயா? அந்த அளவும் உன் ரிப்பீட்டின் அகலமும் ஒன்றாக இருந்தால், எல்லா மடிப்பிலும் அதே பூ அதே இடத்தில் வந்து ஸ்கூல் அசெம்பிளி மாதிரி வரிசை கட்டி நிற்கும். ஓர் அரை அங்குலம் கூட்டிவிடு. முதல் மடிப்பில் முழுப் பூ, அடுத்ததில் கொஞ்சம் ஒதுங்கும், அதற்கடுத்ததில் இதழ் மட்டும் எட்டிப்பார்க்கும். அவள் நடக்கும்போது மடிப்பு விரிந்து மூடும், மறைந்தது வெளியே வரும். நீ ஒரு கோடுகூடச் சாய்த்து வரைய வேண்டாம். பூ நேராகவே நிற்கட்டும், மக்குப் பூவாகவே இருக்கட்டும்.

இன்னொருத்தி கட்டினால் மடிப்பு அளவு மாறுமே என்று கேட்பாய். மாறட்டும். நர்ஸம்மா நடையும் அடுத்து வாங்கிய டீச்சரம்மா நடையும் ஒன்றா?

இன்ஸ்பிரேஷன் எங்கே தேடுவது என்று கேட்டிருந்தாய், மறந்தே போய்விட்டது. பெங்களூரில் பஸ் ஏற வரிசையில் நிற்பாய் அல்லவா, முன்னால் நிற்கிறவளின் முதுகைப் பார். மெட்ரோவில் எஸ்கலேட்டர் ஏறுகிறவர்கள் வேண்டாம், அவர்கள் அசைவதில்லை. படியில் ஏறுகிறவர்களைப் பார்.

லீவுக்கு வரும்போது மலிவான காட்டனில் ஆறு கெஜம் அடித்து எடுத்து வா. நீயே கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மேட்டில் ஏறு. நான் கீழே டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். மழை நாளாக இருந்தால் உன் குடையை நீயே கொண்டு வா, என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.